சுரங்கம் காத்த டிராம்

அமெரிக்க நகரங்களில் டிராம் எப்படி ஒழிந்தது என்று கேட்டால் பலரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: ஜெனரல் மோட்டார்ஸ் சதி செய்து ஒழித்துவிட்டது. 1988-இல் வந்த ‘ஹூ ஃபிரேம்டு ரோஜர் ராபிட்’ திரைப்படம் இந்த நம்பிக்கைக்கு நன்றாகத் தூபம் போட்டது. கலிபோர்னியாவின் இரண்டு நகரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் பாதி வழிகூடத் தாங்காது.

இரண்டு ஊர்க் கதையிலும் ஹென்றி ஹண்டிங்டன் வருகிறார். 1890களில் சான்பிரான்சிஸ்கோவில் டிராம் கம்பெனி நடத்தியவர், பிறகு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் 1901-இல் ‘பசிபிக் எலெக்ட்ரிக்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 1920களில் அதன் சிவப்பு வண்டிகள் ஓடிய தண்டவாளத்தின் நீளம் சுமார் 1,600 கிலோமீட்டர். ஆரஞ்சுத் தோப்புகளுக்கும் வெறும் பொட்டல்களுக்கும் நடுவே இவ்வளவு இருப்புப்பாதை எதற்கு? மனை விற்கத்தான். அவருடைய நில நிறுவனம் முதலில் இடத்தை வாங்கும்; பிறகு தண்டவாளம் வரும்; விலை ஏறியதும் மனைகள் கைமாறும். ஆளை ஏற்றி இறக்கிக் கிடைக்கும் காசு அந்த வியாபாரத்தில் இரண்டாம்பட்சம். மனைகள் விற்றுத் தீர்ந்த பிறகு அந்தக் காசை மட்டுமே நம்பி ரயில் ஓட வேண்டியிருந்தது.

சான்பிரான்சிஸ்கோ வேறு வழியில் போனது. 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த தனியார் நிறுவனம் தெருவெங்கும் மின்கம்பி இழுக்க அனுமதி பெற்றது. அதற்கு நகர நிர்வாகிகளுக்கு லஞ்சம் கொடுத்தது என்ற புகார் நீதிமன்றம் வரை நாறியது. வெறுத்துப்போன மக்கள் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்து, நகரமே டிராம் நடத்த வழிசெய்தார்கள். 1912 டிசம்பர் 28 அன்று கியரி தெருவில் நகரத்தின் டிராம் அமைப்பான ‘முனி’யின் முதல் வண்டியை மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் தாமே ஓட்டினார். 1918-இல் ட்வின் பீக்ஸ் குன்றைக் குடைந்து மூன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கம் திறக்கப்பட்டது. குன்றுக்கு அப்பாலிருந்த நிலத்தின் விலை இங்கேயும் எகிறியது. ஆனால் பலன் பெறப்போகும் நிலக்காரர்களிடமே சிறப்பு வரி வாங்கித்தான் நகரம் சுரங்கத்தை வெட்டியது. ஹண்டிங்டனின் கணக்கை நகரம் திருப்பிப் போட்டது என்றே சொல்லலாம்.

அப்படியானால் காப்பாற்றியது பொது உடைமைதானா? அதுவும் இல்லை. 1944-இல் போட்டி நிறுவனத்தையும் வாங்கிக்கொண்ட முனி, அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான தடங்களைப் பேருந்துக்கு மாற்றியது. தான் பிறந்த கியரி தெருத் தடத்தையே 1956-இல் மூடியது. ஜே, கே, எல், எம், என் என்ற ஐந்து தடங்கள்தான் மிஞ்சின. கே, எல், எம் மூன்றும் ட்வின் பீக்ஸ் சுரங்கத்தில் ஓடுபவை. என் தடத்துக்கு 1928-இல் திறந்த சன்செட் சுரங்கம். ஜே, டொலோரஸ் பூங்காவின் சரிவில் தனக்கென்று இருந்த பாதையில் ஏறியது. பேருந்து சுலபமாக நுழைய முடியாத இடங்களில் டிராம் பிழைத்தது, அவ்வளவுதான்.

லாஸ் ஏஞ்சலிஸிலும் சுரங்கம் இருந்ததே என்று கேட்கலாம். 1925-இல் திறந்த அது ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம்தான். வெளியே வந்ததும் வண்டிகள் கார்களோடு தெருவில் முட்டி மோத வேண்டும். கஹுவெங்கா கணவாயில் விரைவுச்சாலையின் நடுவிலேயே சிவப்பு வண்டிகள் ஓடின. 1952-இல் அதையும் நிறுத்தி, அந்த இடத்தைக் கார்களுக்கே கொடுத்துவிட்டார்கள். சுரங்கம் 1955-இல் மூடப்பட்டது.

சதிக்கதையில் உண்மை இல்லாமல் இல்லை. 1945-இல், லாஸ் ஏஞ்சலிஸில் மஞ்சள் டிராம்களை ஓட்டிய வேறொரு நிறுவனத்தை வாங்கிய ‘நேஷனல் சிட்டி லைன்ஸ்’ குழுமத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன் போன்றவை பணம் போட்டிருந்தன. 1949-இல் இவை குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அபராதம் நிறுவனத்துக்கு 5,000 டாலர், அதிகாரிகளுக்குத் தலா ஒரு டாலர்! ஆனால் குற்றம், பேருந்தும் எரிபொருளும் டயரும் விற்பதில் ஏகபோகத்துக்குச் சதி செய்தது. போக்குவரத்தையே கைப்பற்றச் சதி செய்தார்கள் என்ற குற்றச்சாட்டில் விடுதலையானார்கள். சிவப்பு வண்டிகளோ அந்தக் குழுமத்தின் கைக்குப் போகவேயில்லை. லாங் பீச்சுக்கான கடைசிச் சிவப்பு வண்டியை 1961-இலும், கடைசி மஞ்சள் வண்டியை 1963-இலும் நிறுத்தியது ஒரு பொதுப் போக்குவரத்து ஆணையம்தான்.

லாங் பீச் தடத்தில் பயணிகள் வண்டி நின்றாலும், நகர்த் தெருக்களை விட்டு விலகிய அதன் பாதையைச் சரக்கு ரயில்களுக்காக சதர்ன் பசிபிக் நிறுவனம் வைத்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மறுபடி மின்ரயில் விட முடிவெடுத்தபோது, 1990 ஜூலையில் திறந்த ‘புளூ லைன்’ பெரும்பகுதியும் அந்தப் பாதையிலேயே போடப்பட்டது.