மார்கழியும் மான்தலையும்

மாலை மங்கியபின் மேல்வானில் ஒளிரும் வெள்ளியைப் புனே நகர மக்கள் ‘சுக்ராச்சி சாந்தணி’ என்று வழங்குவர். நம் முன்னோரோ கண்ட நிறத்தையே பெயராக்கினர். வெண்மையால் வெள்ளி, செம்மையால் செவ்வாய், சனிக்குக் கருமை பற்றி மைம்மீன் என்று பெயர். இச்சொல் புறநானூற்றிலேயே வந்துள்ளது.

நிறத்தால் வந்த பெயர்கள் இவை. உருவத்தால் வந்தவை வேறு. அவற்றுள் ஒன்று புனேயையும் தமிழகத்தையும் பிணைக்கின்றது.

டிசம்பர் மாதத்து முன்னிரவில் கீழ்வானை நோக்கினால் மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நிற்கக் காணலாம். மராட்டியர் அவற்றை மானின் உடலில் தைத்த அம்பு என்பர். மீன்கூட்டம் முழுவதும் அவர்க்கு ‘மிருகம்’, அஃதாவது மான். பின்தொடர்ந்து எழும் பேரொளி மீன், அம்பெய்த வேடனாகிய ‘வியாதன்’. ஜூன் முதல் வாரத்தை ஒட்டிக் கதிரவன் மிருகத்தில் புகும் நாளை, மழைக்கு நாளாக இந்நாட்டு உழவர் எதிர்நோக்குவர். இம்மானின் தலையே நாம் கூறும் மிருகசீரிடம். மான்றலை என்பது நிகண்டு தரும் பெயர்.

முழுமதி இம்மீனை ஒட்டி நிற்கும் திங்களுக்கு வடமொழியில் மார்கசீர்ஷம் என்று பெயர். அதுவே நம் நாவில் மார்கழியாயிற்று. ஆகவே, மார்கழி என்று சொல்லுந்தோறும் மானின் தலையையே நாம் குறிக்கின்றோம்.

இத்திங்களுக்கு ஆக்ரஹாயணம் என்றும் ஒரு பெயர் உண்டு. ஆண்டின் தொடக்கம் என்பது அதன் பொருள். மார்கழி ஏன் ஆண்டின் தொடக்கமாதல் வேண்டும்? இவ்வினாவைத் துருவியவர், புனேயில் ‘கேசரி’ இதழை நடத்திய பாலகங்காதர திலகர். 1893-இல் வெளிவந்த அவரது ‘ஓரையன்’ என்னும் ஆங்கில நூல் இதற்கு விடை கூற முயன்றது. இரவும் பகலும் ஒத்த வேனிற்கால நாளில் கதிரவன் நிற்கும் இடம், ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகையாகப் பின்னோக்கி நகர்கின்றது. அவ்விடம் மிருகசீரிடத்தில் இருந்த காலம், கி.மு. 4000 முதல் 2500 வரை எனவும், வேதப் பாடல்கள் பல அக்காலத்தன எனவும் அவர் துணிந்தார். அம்முடிவைப் பின்வந்த அறிஞர் பலர் ஏற்றாரல்லர். எனினும், ஒரு மீனின் பெயரும் வரலாற்றுச் சான்றாகலாம் என்று காட்டிய முயற்சி அது.

பெயரிடும் வழக்கம் இந்நகரில் இன்னும் ஓயவில்லை. 2017-இல் புனே வானியலார், ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுத் தொலைவில் கண்ட மாபெரும் விண்மீன்மண்டலத் திரளுக்குச் சரஸ்வதி என்று பெயர் சூட்டினர்.

புதுப்பெயர்கள் நூல்களில் நிலைக்கும். பழம்பெயர்களோ சொல்வார் இருக்கும்வரையே வாழும். பிறமொழி நாட்டில் வளரும் நம் மக்கள் சுக்ராச்சி சாந்தணியை அண்டை வீட்டாரிடம் கற்பர். மைம்மீனையும் மான்றலையையும் நம்மிடமன்றி வேறு எவரிடம் கற்பர்? வரும் மார்கழியில் ஒரு மாலை, அவர்களை மாடிக்கு அழைத்துச் சென்று அம்மூன்று மீன்களைக் காட்டுவோம்.