காட்டுவதற்கான உரிமை: திருவனந்தபுரத்தில் குறும்படத் திரையிடலின் வரலாறு

2017 ஜூனில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற கேரளப் பன்னாட்டு ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்குத் தணிக்கை விலக்களிக்க ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் மறுத்தது. ஒன்று ரோகித் வேமுலாவின் மரணத்தையொட்டியது. மற்றொன்று காஷ்மீரைப் பற்றியது. மூன்றாவது, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் போராட்டத்தைப் பற்றியது. விழாவை நடத்திய கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமி மாநில அரசின் நிறுவனம். ஓர் அரசு நிறுவனமே தான் தேர்ந்தெடுத்த குறும்படத்தைத் தன் அரங்கில் காட்ட இயலாமல் போனது எவ்வாறு?

விடை 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தில் இருக்கிறது. பொதுமக்களுக்குக் காட்டப்படும் படம் எதுவாயினும் சான்றிதழ் பெற வேண்டும் என்கிறது அச்சட்டம். நூறு திரையரங்குகளில் ஓடும் வணிகப் படத்துக்கும், ஒரு மாலை ஒரே அரங்கில் காட்டப்படும் பத்து நிமிடப் படத்துக்கும் இவ்விதி ஒன்றே. விலக்களிக்கும் அதிகாரத்தைப் பிரிவு 9 ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது. திரைப்பட விழாக்கள் இவ்விலக்கைக் கொண்டே நடைபெறுகின்றன. விலக்கு ஒரு சலுகை. அதனை உரிமையாகக் கோர இயலாது.

இச்சட்டத்தின் அடிப்படையை எதிர்த்த முதன்மையான வழக்கும் ஒரு சிறு ஆவணப்படத்தினுடையதே. கல்கத்தா, பம்பாய், மதராஸ், தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டிய தம் படத்தில் சில காட்சிகளை நீக்கச் சொன்னதை எதிர்த்து க்வாஜா அகமது அப்பாஸ் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கையிலேயே வெட்டின்றிச் சான்றிதழ் தர அரசு இசைந்தது. ஆயினும் 1970இல் வழங்கிய தீர்ப்பில், முன்தணிக்கை அரசமைப்புக்கு உட்பட்டதே என்று நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்பாஸின் படம் தப்பியது; கொள்கை தோற்றது.

திருவனந்தபுரத்தில் திரையிடலின் கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கேரளத்தின் முதல் திரைப்படச் சங்கமான சித்ரலேகா 1965இல் இந்நகரில் உருவாயிற்று. புனே திரைப்படக் கல்லூரியில் பயின்று வந்த அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயர் உள்ளிட்ட நண்பர்களும் அதனை நிறுவினர். முதலில் பார்வையாளரை உருவாக்குவது, பின்னர் படம் எடுப்பது என்னும் வரிசை இங்கே கவனத்திற்குரியது. சங்கத்தோடு இணைந்து தோன்றிய கூட்டுறவு அமைப்பே 1972இல் ‘சுயம்வரம்’ படத்தைத் தயாரித்தது. ஒன்றாக அமர்ந்து பார்த்தவர்களிடமிருந்தே ஒரு புதிய சினிமா பிறந்தது.

1984இல் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் தொடங்கிய ஒடேஸா இயக்கம் வேறொரு வழியை நாடியது. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை அளித்த அவர், ஊர் ஊராகப் படங்களைத் திரையிட்டு மக்களிடம் திரட்டிய பணத்தில் 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை உருவாக்கினார். இங்கே திரையிடலே மூலதனம். திரையரங்கு உரிமையாளரும் விநியோகஸ்தரும் இல்லாமலேயே படமும் பார்வையாளரும் சந்தித்தனர்.

2008இல் அகாதமியின் ஆவணப்பட, குறும்பட விழா தொடங்கியபோது புரவலர் மாறினார். சங்கமும் மக்கள் இயக்கமும் ஆற்றிய பணியை அரசு நிறுவனம் ஏற்றது. இதனால் உள்ளூர் இளம் இயக்குநருக்கு நல்ல ஒளி, ஒலி வசதிகொண்ட கைரளி அரங்கின் திரை கிடைத்தது. அதே வேளையில் படப்பட்டியல் விலக்குக்காகத் தில்லியை எதிர்நோக்க வேண்டியதாயிற்று.

2019இல் இச்சிக்கல் மீண்டும் எழுந்தது. பகுத்தறிவாளர்களின் கொலைகளை ஆராயும் ஆனந்த் பட்வர்தனின் ‘விவேக்’ ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதன்மைப் பரிசு பெற்றிருந்தது; ஆனால் இங்கு விலக்குக் கிட்டவில்லை. விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அதன் அனுமதிக்குப் பின்னரே படம் திரையேறியது.

இவ்வெற்றியைக் கொண்டாடுவோர் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். விருதுபெற்ற இயக்குநருக்கும் பெருவிழாவுக்கும் நீதிமன்றக் கதவைத் தட்டும் வலிமை உண்டு. வாசகசாலையிலோ கல்லூரி வகுப்பறையிலோ உள்ளூர்க் குறும்படங்களைத் திரையிட விழையும் சிறு குழுவுக்கு அது ஏது? சான்றிதழ் மறுப்பை எதிர்த்து அணுகுவதற்கு இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2021இல் கலைக்கப்பட்டதால், உயர் நீதிமன்றமே எஞ்சிய வழி. வழக்கின் செலவு பெரும்பாலான குறும்படங்களின் தயாரிப்புச் செலவை விஞ்சிவிடும்.

தணிக்கையின் வரலாற்றை எழுதுவோர் வெட்டப்பட்ட காட்சிகளையும் தடைசெய்யப்பட்ட படங்களையுமே பெரிதும் எண்ணுகின்றனர். அச்சத்தால் நடைபெறாமற்போன திரையிடல்களுக்கு ஆவணம் இல்லை. அவை எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. சித்ரலேகாவின் முதல் பார்வையாளர்கள் கூடியிராவிடில் ‘சுயம்வரம்’ எவ்வாறு தோன்றியிருக்கும் என்று கேட்டால்தான் அந்த இழப்பின் அளவு ஓரளவேனும் புலப்படும்.