வரலாற்றுத் துப்பறியும் புதினம்

பழைய காலம் ஒன்றைக் களமாக்கி, அக்காலத்துக் குற்றத்தை அக்காலத்துச் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உட்பட்டே துலக்கும் புனைகதை வகை. முதல் படைப்பு எது என்பதில் ஒத்த கருத்தில்லை. பண்டை எகிப்தில் நிகழும் அகதா கிறிஸ்டியின் நாவலைப் (1944) பலர் சுட்டுவர்.

ரோமானியக் களம் 1990-ஐ ஒட்டிப் பெருகியது. லிண்ட்சி டேவிஸின் துப்பறிவாளன் ஃபால்கோ (1989) வெஸ்பாசியன் ஆட்சியில் உலவுபவன். ஸ்டீவன் சேய்லரின் ‘ரோமன் பிளட்’ (1991), கி.மு. 80-இல் சிசரோ வாதாடிய தந்தைக்கொலை வழக்கை அடியொற்றியது.

பம்பாய்: இந்நகரப் படைப்புகளில் சுஜாதா மாஸியின் பெர்வீன் மிஸ்திரி வரிசை விரிவாகப் பேசத்தக்கது. முதல் நூலான ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ (2018) 1921-இல் நிகழ்கிறது. பெர்வீன் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவர். பெண் என்பதால் நீதிமன்றத்தில் வாதாட முடியாது, தந்தையின் அலுவலகத்தில் பத்திரங்களைப் பார்க்கிறார். மில் முதலாளி ஒருவரின் மூன்று விதவைகளும் தங்கள் சொத்துரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதம் வருகிறது. அதிலுள்ள ஒப்பங்கள் பெர்வீனுக்கு ஐயம் தருகின்றன. விதவைகள் கோஷாப் பெண்கள். ஆண் வக்கீல் அவர்களை நேரில் விசாரிக்க இயலாது. வாதாடவிடாத அதே பெண்மைதான் அந்தப்புரத்தின் கதவைத் திறக்கிறது. கதையின் முடிச்சு முழுவதும் சட்டத்தின் இந்த இடுக்கிலிருந்தே பிறப்பது இந்நூலின் தனிச்சிறப்பு.

பெர்வீனுக்கு முன்மாதிரியாக இந்தியாவின் முன்னோடிப் பெண் வழக்கறிஞர் கொர்னேலியா சொராப்ஜியைப் பொதுவாகச் சொல்வர். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் வழக்கறிஞர் மித்தன் லாமின் சாயலும் காணப்படுகிறது. பெண்கள் வழக்கறிஞராவதற்கான தடையை நீக்கிய சட்டம் 1923-இல்தான் வந்தது.

பெர்வீன் வீடு தாதர் பார்சி காலனியில். 1896 பிளேக்குக்குப் பின் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வகுத்த தாதர்–மாட்டுங்கா–வடாலாத் திட்டத்தில், மஞ்சேர்ஜி ஜோஷியின் முயற்சியால் உருவானது அது. ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றிய அதன் மரநிழல் தெருக்கள் மாட்டுங்கா, வடாலாத் தமிழருக்கு நடைதூரம். நாவலைப் படித்தவர் அவசியம் ஒரு மாலை நடந்து பார்க்கலாம்.

பிற்பட்டவை: நெவ் மார்ச்சின் ‘மர்டர் இன் ஓல்ட் பாம்பே’ (2020), 1891-இல் ராஜாபாய் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்த இரு பார்சிப் பெண்களின் வழக்கைத் தழுவியது, அது கொலையா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. வசீம் கானின் ‘மிட்நைட் அட் மலபார் ஹவுஸ்’ 2021-இல் பிரிட்டனின் வரலாற்றுக் குற்றப்புனைவு விருதைப் பெற்றது.

தமிழ்: துப்பறியும் நாவலும் சரித்திர நாவலும் தனித்தனியே செழித்தன. ஆயினும் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னின் (1950–54) நடுமுடிச்சு சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரைக் குற்றவாளிகளாகக் குறிக்கிறது. பின்னிருந்தவர் எவர் என்பதில் வரலாற்றறிஞர் இன்னும் உடன்படவில்லை.