வளையம் போன வெள்ளி

கிள்ளானில் ஒரு பழைய பொருள் வியாபாரியிடம் ஐம்பது வெள்ளி கொடுத்து ஓர் இருபது சென் காசு வாங்கினேன். 1967ஆம் ஆண்டுக் காசு. நாடாளுமன்றக் கட்டடம் பொறித்து பேங்க் நெகாரா வெளியிட்ட முதல் வரிசை. ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி. "எரர் காயின் தம்பி, மிண்ட்லயே இப்படித்தான் வந்துச்சு" என்றார். நானும் மெக்கானிக்கல் படித்தவன்தான். நம்பினேன்.

வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் படித்தது உறைத்தது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டியெடுத்துத்தான் காசு அடிக்கிறார்கள். தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டும் விழும். வில்லையில் பிறை அளவுக்குக் குறையும். அது அசல் கடி. பிறகு வில்லையை இரு பக்கமும் நெருக்கி உருட்டி விளிம்பை எழுப்புவார்கள். கடிபட்ட இடத்தில் பிடிமானம் இல்லை என்பதால் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் அழுத்தம் வாங்காது. அங்கே விளிம்பு மங்கிவிடும். பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். அரத்தால் ராவுகிறவன் கடியை அழகாகச் செய்துவிடுவான், எதிர்ப்பக்கத்தை யோசிக்கமாட்டான். என் காசில் எதிர்ப்பக்கம் ஜம்மென்று எழுந்து நிற்கிறது. ஐம்பது வெள்ளி போச்சு.

அன்றிலிருந்து இதே வேலையாகிவிட்டது. அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் ஏறிக் காசில் மேடான கோடு விழும். கீறல் என்றால் பள்ளம், பக்கத்தில் வரப்பு மாதிரி உலோகம் ஒதுங்கியிருக்கும். சிக்கலான கேஸும் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்த மாமா, சின்ன வயதில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய சதுர ஒரு சென்ட் ஒன்றை வைத்திருக்கிறார். 1957ஆம் ஆண்டுக் காசு, இப்போது அப்பளம். அடிக்கும்போது சுற்றிப் பிடிக்கும் வளையம் இல்லாவிட்டாலும் காசு இப்படி அகன்றுவிடும். இரண்டிலும் எடை குறையாது, தராசு உதவாது. ஆனால் அச்சில் அகன்ற காசில் முகம் முகமாகவே இருக்கும். மாமாவின் காசில் ராணி, சக்கரம் போன திசையில் இழுபட்டுக் கிடக்கிறார்.

பாட்டியிடம் ஒரு பழைய டாலர் இருக்கிறது. (ரிங்கிட்டை நாம் இன்னும் 'வெள்ளி' என்பது இந்தக் காசுகள் விட்டுப்போன பழக்கம்.) ஒரு பக்கம் சூலம் பிடித்து நிற்கும் பிரிட்டானியா, மறுபக்கம் சீனத்திலும் ஜாவியிலும் 'ஒரு டாலர்'. சூலத்தின் நடுமுனையில் பொடியாக 'பி', பம்பாயில் அடித்ததற்கு அடையாளம். 1895இல் தொடங்கிய பிரிட்டிஷ் வணிக டாலர் இது. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குத் தனி டாலர் வரும்வரை இங்கே செல்லுபடியானது. அதில் முகம், உடை என்று பாராமல் சின்னச் சின்னக் குத்துகள். மாமா அதையும் 'எரர்' என்றார். குத்துகள் எல்லாம் பள்ளம், ஒவ்வொன்றுக்கும் பின்பக்கத்தில் லேசான தட்டை. காசு அடித்த பிறகு விழுந்தவை. சீன வியாபாரிகள் வெள்ளி அசல்தானா என்று பார்த்துக் குத்திய முத்திரைகள். ஆபீஸில் 'சாப்' குத்துகிறோமே, அதேதான்.

இது நம் ஊர்ப்பக்கமும் பழைய வழக்கம். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமீது உளிவெட்டு. இனி இது காசு அல்ல, வெறும் பொன் என்று அறிவிக்கத்தான் வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. சேகரிப்பவர்கள் 'டேமேஜ்' என்று ஒதுக்குவதைத்தான் வரலாற்றுக்காரர்கள் முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

பாட்டியின் டாலரில் ஒரு தழும்புக்குத்தான் எனக்கு விடை தெரியவில்லை. விளிம்பில் ஈயப்பற்று போல ஒரு சாம்பல் திட்டு. அங்கே ஒரு வளையம் இருந்திருக்கிறது, யாரோ பிய்த்திருக்கிறார்கள். கேட்டேன்.

"எங்கம்மா கழுத்துல கெடந்தது. உங்கப்பா பரீட்சைக்குக் காசு கட்டணும்னு அடகுக்கடைக்குக் கொண்டு போனேன். வளையத்துல பத்து இருக்கு, எடையில சேர்க்க முடியாதுன்னுட்டான். அங்கேயே குறட்டால கழட்டிட்டான்."

"வளையம் எங்கே?"

"அத திருப்பிக் கேக்கணும்னு தோணல."