பேய்மகள் தொடுத்த சமயவாதம்

சமயத்தைக் குறித்து மாறுபட்ட கருத்தை வெளிப்படையாகக் கூறுதல் எக்காலத்தும் எளிதன்று. கேட்போர் மனம் புண்படக்கூடும். கூறுவோர்க்கு இடர் நேரவுங்கூடும். அத்தகைய கருத்துகளைக் கற்பனைக் கதையில் வைத்துச் சொல்லும் வழியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி அதற்குத் தக்க சான்றாகும். 10-ஆம் நூற்றாண்டினது என அறிஞர் பலர் கருதும் இந்நூலை இயற்றிய சமணப் புலவரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

கதை வடநாட்டில், புண்டவருத்தனம் என்னும் நகரில் தொடங்குகிறது. காளி கோயிலில் உயிர்ப்பலி கொடுக்க வந்த மக்களை முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் தடுத்து, மண்ணாற் செய்த உருவங்களைப் படைத்தாலே போதும் என்கிறார். பலி இழந்த காளி, முனிவரை அச்சுறுத்தி ஓட்டுமாறு தொண்டைநாட்டுப் பழையனூர் நீலியை அழைக்கிறாள். வடக்கே சென்ற அப்பேய் முனிவரை அசைக்க மாட்டாது தோற்று, அவரிடமே அறங்கேட்டுத் திருந்துகிறது. பின்னர் ஊர்தோறும் சென்று பிற சமயத்தாரை வாதுக்கு அழைக்கிறது.

நூலின் பத்துப் பகுதிகளுள் ஒன்பது இவ்வாதங்களே. குண்டலகேசி முதலிய பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், உலகாயதராகிய பூதவாதியர் ஆகிய அனைவரும் எதிர்நிற்கின்றனர். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த புத்தர்பிரானையே புலவர் வாதமன்றில் அமர்த்துகிறார். வரலாறு இடந்தராத சந்திப்பைக் கற்பனை நிகழ்த்திக் காட்டுகிறது. வேதம் ஒருவராலும் செய்யப்படாதது என்னும் கொள்கையையும், பிறப்பினால் உயர்வு என்னும் எண்ணத்தையும் மறுக்கும் கடுமையான சொற்கள் பேயாயிருந்த பெண்ணொருத்தியின் வாயிலிருந்தே பிறக்கின்றன.

வெற்றி எப்போதும் நீலகேசிக்கே என்பதை நாம் மறத்தலாகாது. நூல் நடுநிலையானதன்று. நாதகுத்தனார் பாடிய பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசியில் வாகை சூடியவள் வேறொருத்தி. அதற்கு மறுப்பாகவே நீலகேசி எழுந்தது.

ஆயினும் ஒருவர் கொள்கையை மறுப்பதற்கு முதலில் அதனை எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அழிந்துபோன அந்நூலின் பாடற் குறிப்புகள் பலவற்றை நமக்குக் காத்துத் தந்தது, நீலகேசிக்கு வாமன முனிவர் எழுதிய சமயதிவாகரம் என்னும் உரையே. அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் நீலகேசியை உரையுடன் அச்சேற்றினார். சமணர் நூலைப் புரட்டுவோர், அதனுள் பௌத்தரின் குரலையும் ஆசீவகரின் குரலையும் கேட்கின்றனர்.

பல சமயத்தார் அண்டை வீட்டாராக வாழும் நகரங்களில் குடியேறியுள்ள நமக்கு இது பயனற்ற செய்தியன்று. பழையனூரிலிருந்து வடக்கே சென்ற நீலி அச்சுறுத்தலைக் கைவிட்டாள், வாதத்தைக் கைவிடவில்லை. எதிரியின் சொல்லை முழுதும் கேட்ட பின்னரே தன் விடையைத் தொடங்கினாள்.