ஞானஸ்நானப் பதிவேடுகளும் பென்சில்வேனியா ஜெர்மானியரின் உறவு முறைகளும்

18ஆம் நூற்றாண்டில் தென்மேற்கு ஜெர்மானியப் பகுதிகளான பாலட்டினேட், வூர்ட்டம்பெர்க் முதலியவற்றிலிருந்து பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரின் குடும்ப வரலாற்றை அரசு ஆவணங்களைக் கொண்டு மட்டும் மீட்டெடுக்க இயலாது. 1727 முதல் பிலடெல்பியா துறைமுகத்தில் இறங்கியவர்களுள் 16 வயதைக் கடந்த ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து கையொப்பமிட வேண்டியிருந்தது. ஆனால் அப்பட்டியல்கள் பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டன. 1790இல் எடுக்கப்பட்ட அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பத் தலைவரை மட்டுமே பெயரால் குறித்தது. மாநில அளவிலான பிறப்புப் பதிவு 1906இல்தான் தொடங்கியது. இவ்விடைவெளியில் தாயும் சேயும் அவர்தம் சுற்றத்தாரும் ஒருசேரப் பெயர் பெறும் ஆவணமாக நிற்பது திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடே.

லூத்தரன் திருச்சபையிலும், கால்வினின் போதனையைத் தழுவிய சீர்திருத்தத் திருச்சபையிலும் குழந்தை பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ ஞானஸ்நானம் அளிப்பது வழக்கம். குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், பெற்றோரின் பெயர்கள் ஆகியவற்றோடு ஞானப்பெற்றோரின், அதாவது குழந்தையின் சமய வளர்ப்புக்குச் சபை முன்னிலையில் பொறுப்பேற்பவர்களின், பெயர்களையும் போதகர் எழுதினார். உறவுமுறை ஆய்வுக்கு மிகுந்த பயன் தருவது இந்தக் கடைசிக் குறிப்பே. பெற்றோரின் உடன்பிறந்தாரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவரும், தாத்தா பாட்டியரும், தாய்நாட்டில் ஒரே ஊரில் வாழ்ந்தவர்களும் இப்பொறுப்பை ஏற்பது பெருவழக்காக இருந்தது. குழந்தைக்கு ஞானப்பெற்றோரின் பெயரையே இடுவதும் மரபு. தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரைப் பல பதிவுகள் குறிக்கவில்லை; எனினும் அடுத்தடுத்த குழந்தைகளுக்கு ஒரே குடும்பப்பெயருடைய மணமாகாத பெண்கள் ஞானத்தாயாக நின்றிருந்தால், அவர்கள் அத்தாயின் தங்கையராக இருக்கக்கூடும் என்ற தடயம் கிடைக்கிறது.

போதகர்கள் அருகியிருந்த அக்காலத்தில் பதிவேடுகளும் போதகர்களோடு ஊர் ஊராகப் பயணம் செய்தன. 1728இல் வந்த யோஹான் காஸ்பர் ஸ்டோவர் என்னும் லூத்தரன் போதகர் 1730 முதல் 1779 வரை தம் சொந்த ஏட்டில் எழுதிய பதிவுகள் பென்சில்வேனியாவைக் கடந்து மேரிலாந்து, வர்ஜீனியா குடியிருப்புகளையும் தழுவுகின்றன. ஜெர்மனியின் ஹாலே நகரில் பயின்ற லூத்தரன் போதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்; அதே ஹாலே நகரின் லூத்தரன் பக்தி இயக்கமே மூலன்பெர்க் என்னும் போதகரை அனுப்பி வைக்க, 1742இல் பென்சில்வேனியாவை அடைந்த அவர் சிதறிக் கிடந்த லூத்தரன் சபைகளை ஒழுங்குபடுத்தினார். கணவன் லூத்தரனாகவும் மனைவி சீர்திருத்தச் சபையினராகவும் அமைந்த குடும்பங்களும், இரு சபைகளும் ஒரே ஆலயத்தைப் பகிர்ந்துகொண்ட ஊர்களும் பல என்பதால், ஒரே தம்பதியின் பிள்ளைகள் வெவ்வேறு ஏடுகளில் இடம்பெறுவது இயல்பு.

ஆகவே, ஒரு தம்பதியின் பிள்ளைகள் அனைவரின் பதிவுகளையும், அத்தம்பதியரே பிறர் பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக நின்ற பதிவுகளையும் திரட்டி, மீண்டும் மீண்டும் வரும் பெயர்களைத் தாய்நாட்டுத் திருச்சபை ஏடுகளோடு ஒப்பிடுவதே முறையான ஆய்வு. 1710இல் நியூயார்க்கில் குடியேறிய பாலட்டினேட் குடும்பங்களை இம்முறையில் ஆராய்ந்த ஹென்றி ஜோன்ஸ், தம் முடிவுகளை 1985இல் நூலாக வெளியிட்டார். அக்குடும்பங்களுள் சில 1723 முதல் பென்சில்வேனியாவின் டல்பஹாக்கன் பள்ளத்தாக்குக்கு இடம்பெயர்ந்தன. இத்தகைய இடப்பெயர்வுகளில் யார் யாரோடு சேர்ந்து சென்றனர் என்பதையும் ஞானப்பெற்றோர் பெயர்கள் உணர்த்தவல்லவை.

எச்சரிக்கையும் இன்றியமையாதது. உடன்பிறந்த ஆண்கள் அனைவருக்கும் யோஹான் என்பதே முதற்பெயராக இருந்து, இரண்டாம் பெயராலேயே அவர்கள் அழைக்கப்பட்டிருக்கலாம். வைசர் குடும்பத்துப் பெண்ணை வைசரின் என எழுதுவதுபோலப் பெண்ணின் குடும்பப்பெயர் ஈற்றில் ‘இன்’ விகுதி சேர்வதால், அதைத் தனிக் குடும்பப்பெயராகக் கொள்ளும் பிழை நேர்கிறது. ஞானப்பெற்றோர் அண்டை வீட்டாராகவோ போதகரின் மனைவியாகவோ இருக்கவும் கூடுமாதலால், அவர்கள் பெயர் உறவுக்குத் தடயமே அன்றி உறுதியான சான்றன்று. திருமணப் பதிவு, உயில், நிலப்பத்திரம் ஆகியவை அவ்வுறவை உறுதிசெய்ய வேண்டும். வயதுவந்தோருக்கு மட்டுமே ஞானஸ்நானம் அளித்த மென்னோனைட், ஆமிஷ் சமூகங்களுக்கு இவ்வழி பயன்படாது.

பிற்காலத்தார் வெளியிட்ட அச்சுப்படிகளும் பெயரடைவுகளும் சில வேளைகளில் குழந்தையையும் பெற்றோரையும் மட்டும் தந்து, ஞானப்பெற்றோரை விட்டுவிடுகின்றன. அவ்வாறு விடும்போது, வேறு எந்த ஆவணத்திலும் பெயர் பெறாத பெண்கள் பலர் வரலாற்றிலிருந்தே மறைந்துபோகின்றனர். ஆதலால் ஒரு பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடாமல், மூல ஏட்டை முதல் பக்கத்திலிருந்து முழுமையாகப் படிப்பதே அக்குடியேறிகளின் உறவுலகை அறிவதற்கான நம்பகமான வழி.