சும்மாடு முதல் முதுகுப்பை வரை

மலர்க் குழுவினர் "பழைய நினைவா ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டபோது, எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு விடை நம் கல்லூரியில் இப்போது படிக்கும் ஒரு மாணவர் மூலமே கிடைத்தது. சந்திப்பு விழா வேலைக்காக வீட்டுக்கு வந்திருந்தவர், "அங்கிள், பசங்க எல்லாம் மலைக்குப் போறோம். ஒரு ராத்திரி டென்ட்ல தங்கல், கொஞ்சம் பாறை ஏற்றமும் இருக்கு. எத்தனை லிட்டர் பை வாங்கலாம்?" என்று கேட்டார். "லிட்டர் இருக்கட்டும் தம்பி, முதல்ல ஒரு இஞ்ச் டேப் கொண்டு வா" என்றேன். அவர் சிரித்தார். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம் வடசென்னையில் மலை கிடையாது. ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை மட்டமான மணல் பூமி. பாறை என்று சொன்னால், கடல் அரிப்பைத் தடுக்க லாரி லாரியாகக் கொட்டிய கருங்கற்கள்தான். சிறு வயதில் நாமெல்லாம் அதில்தானே ஏறி விளையாடினோம்! ஆனால் சுமை தூக்கும் கலையை இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலா படகுகள் அலையைக் கடந்து சரக்கைக் கொண்டுவரும். கரையில் அதை இறக்கியவை மனிதத் தலைகளும் தோள்களும்தான். 1870களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். கிரேன்கள் வந்தன. 1983-இல் கன்டெய்னர் முனையமும் வந்தது. இத்தனைக்கும் நடுவில் தலைச்சுமைக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள்.

அவர்களுடைய ஒரே கருவி சும்மாடு. ஒரு துண்டைச் சுருட்டி வளையமாக்கித் தலையில் வைத்துக்கொள்வார்கள். சுமை நேராக முதுகெலும்பின் வழியாக இறங்கி இடுப்புக்கும் காலுக்கும் போகும். தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டதும், நேபாளத்து ஷெர்பாக்கள் 'நாம்லோ' என்ற பட்டையை நெற்றியில் மாட்டி மலையேறியதும் இதே தத்துவம்தான். இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த உழைப்பில் கழுத்தும் முதுகும் தேய்ந்துபோனவர்களை நாம் நம் தெருக்களிலேயே பார்த்திருக்கிறோம்.

பை என்று பார்த்தால் அதுவும் மிகப் பழையதுதான். 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனித உடல் ஒன்று கிடைத்தது. அருகே வளைத்த மரக்கொம்பும் பலகைகளும் கிடந்தன. அது முதுகுச் சுமைக்கான சட்டம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பிற்காலத்தில் அதை வளர்த்தவர்கள் வேட்டைக்காரர்களும் சிப்பாய்களும்.

நம் தலைமுறைக்குப் 'பை' என்றால் காக்கி கேன்வாஸ்தான். காக்கித் துணிக்குப் பேர்போன பின்னி அன்ட் கம்பெனியின் பக்கிங்ஹாம் அன்ட் கர்நாடிக் மில் நமக்குப் பக்கத்தில், பெரம்பூரில்தான் 1996 வரை ஓடியது. 1948-இல் என்.சி.சி. தொடங்கியது. சீன யுத்தத்துக்குப் பின் 1963-இல் அது கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமானது. 1968-இல் மீண்டும் விருப்பப் பாடமானது. நமக்கு முந்தைய செட் சீனியர்கள் பலருக்கு முதுகில் பை மாட்டி நடக்கும் பழக்கம் அந்தப் பரேடு மைதானத்தில் வந்ததுதான்.

என் கதைக்கு வருகிறேன். 1975-இல் நாங்கள் ஆறு பேர் ஏலகிரிக்குப் போனோம். சென்ட்ரலில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி, அடிவாரத்திலிருந்து நடைபாதையில் ஏற்றம். மலை சுமார் 1,100 மீட்டர் உயரம். என்னிடம் இருந்தது ஒரு பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிய, ஒற்றைப் பட்டை வைத்த காக்கிப் பை. அரிசி, பாத்திரம், போர்வை எல்லாம் அதில்தான். பாதி வழியில் பட்டையின் தையல் விட்டது. பை ஒரு பக்கமாக இழுக்க, ஒரு பாறையில் கால் சறுக்கி விழுந்தேன். கணுக்கால் வீங்கிவிட்டது. இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்களில் ஒருவன் காசிமேட்டுக்காரன். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவன் என்னைப் பார்த்து, "டேய், நானும் அப்போலேர்ந்து பாக்குறேன், இன்னாடா ஒரு பக்கமா சாஞ்சிக்கினே வர்ற? செமைய தூக்குறது தோளு இல்லடா, இடுப்பும் காலும்தான்" என்றான். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டினான். என் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, தன் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் என்னையும் பிடித்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தான். அன்று ராத்திரி கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு நட்சத்திரம் பார்த்தபடி படுத்திருந்தோம். அப்போது அவன் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, முதுகுப்பையின் வரலாறே அந்த ஒரு வாக்கியம்தான் என்று. நார்வே நாட்டின் ஓலே பெர்கன் 1908-இல் வேட்டைக்குப் போனபோது, பை முதுகில் உறுத்தியதால் கிளைகளை முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துச் சட்டமாக்கினார். பிரிட்டிஷ் ராணுவத்தில் இன்றும் முதுகுப்பையை 'பெர்கன்' என்றுதான் சொல்கிறார்கள். 1953-இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறினார்கள். மறு ஆண்டே டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கி, இந்திய இளைஞர்களுக்கும் இந்தக் கலை முறையாகக் கிடைத்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் டிக் கெல்டி என்பவர் 1952-இல் தன் வீட்டில் அலுமினியச் சட்டம் வைத்த பைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். ஒரு மலைநடையில் சட்டத்தின் கீழ் நுனிகளைக் கால்சட்டையின் பின் பாக்கெட்டில் செருகியதும், தோளின் பாரம் சட்டென்று குறைந்ததாம். இடுப்புப் பட்டை அதிலிருந்து பிறந்தது என்பார்கள். 1967-இல் கிரெக் லோ சட்டத்தைப் பைக்கு உள்ளேயே வைத்தார். பை உடலோடு ஒட்டியது. பாறையில் ஏறுபவருக்கு ஆட்டம் குறைந்தது. காசிமேட்டுப் பையன் தகப்பனிடம் கற்றதை, உலகம் காப்புரிமை வாங்கிக் கற்றது!

இனி அந்தத் தம்பிக்கு என் பதில். கழுத்தைக் குனிந்தால் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப்பால் அளந்துகொள். அதுதான் உன் முதுகின் நீளம். உயரமானவனுக்கு முதுகு குட்டையாக இருக்கலாம், அதனால் ஆளின் உயரத்தை வைத்துப் பை வாங்காதே. பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். கடையிலேயே எட்டு, பத்து கிலோ போட்டுக் கால் மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கிப் பார். ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரிக்கு 40 முதல் 50 லிட்டர் போதும். 70 லிட்டர் வாங்கினால் அதை நிரப்பச் சொல்லி மனசு கேட்கும். மொத்தச் சுமை உன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. அதில் தண்ணீரே மூன்று, நான்கு கிலோ போய்விடும்.

படுக்கை அடியில், கனமானவை நடுவில் முதுகை ஒட்டி, மழைக்கோட்டு மேலே. பாறை ஏறுவதானால் பை ஒல்லியாக இருக்கட்டும். வெளியே டம்ளர், செருப்பு எதுவும் தொங்கக் கூடாது. கயிற்றுக்கான இடுப்புவார் கட்டும்போது பையின் பட்டை குறுக்கே வராமல் கழற்றிவிட முடியவேண்டும். உள்ளே ஒரு கெட்டிப் பாலித்தீன் உறை போட்டுவிடு. ஐப்பசி மழை எந்தக் கம்பெனிப் பையையும் மதிக்காது.

கடைசியாக ஒன்று. 11-3-2018 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நல்ல பை எதுவும் தீயிலிருந்து காப்பாற்றாது. அதற்குப் பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறையே பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டிகளோடு முன்பதிவு வசதி செய்தது. அனுமதி இல்லாமல், கோடையில், வழிகாட்டி இல்லாமல் போகாதே. வீட்டில் சொல்லாமல் போகவே போகாதே.

என்னைத் தூக்கிவிட்ட அந்த நண்பன் இப்போது இல்லை. சந்திப்புக்கு வரும் மற்ற நால்வரும் அவனை நினைப்பார்கள் என்று தெரியும். மாணவச் செல்வங்களே, நீங்கள் இடுப்புப் பட்டையை 'க்ளிக்' என்று மாட்டும்போது, துறைமுகத்தில் சும்மாடு கட்டிய நம் பாட்டன்களையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். கூட வருபவன் தடுக்கி விழுந்தால், அவன் பையையும் வாங்கிக்கொள்ள உங்கள் சுமையில் கொஞ்சம் இடம் வைத்துக் கிளம்புங்கள்.